அண்ணன் கேட்ட கடன்: கொடுத்தால் நானும் குற்றவாளியா?

தூக்கம்கெட்டவன்

பெயர், ஊர் எதுவும் சொல்ல முடியாது, மன்னிக்கவும். என் அண்ணன் மகளுக்கு 13 வயது. இரண்டு வருடமாக டயாலிசிஸ், வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அண்ணியின் ரத்த வகை பொருந்துகிறது, ஆனால் அவருக்குச் சர்க்கரை, டாக்டர் முதல் நாளே வேண்டாம் என்றுவிட்டார். அண்ணனின் ரத்த வகை சேரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் கிராஸ் மேட்ச் (கொடுப்பவரின் உறுப்பை இவள் உடம்பு எதிர்க்குமா என்று பார்க்கும் ரத்தச் சோதனை) சரிவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை அவள் பள்ளிப் பையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது படிக்கலாம் என்று.

தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறார்கள். முகம் கழுவப் போனால் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும், ஏனென்றால் ஒரு முறை குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டாள், அன்று ராத்திரி மூச்சு விட முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். 13 வயதுப் பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் கழுவுகிறாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இதைப் பார்க்காத யாரும் அண்ணனைத் திட்டக் கூடாது என்பதற்காக.

போன மாதம் அவருக்கு ஒரு போன் வந்தது. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் யாரோதான் நம்பர் கொடுத்திருக்க வேண்டும். சிறுநீரகம் விற்க ஆள் தயார், பேப்பர் தயார், 3 வாரத்தில் முடித்துவிடலாம், ஆனால் வேறு ஊரில் வைத்துத்தான் என்று பேச்சு. தொகையை எழுதவில்லை, வீட்டை விற்றாலும் பாதிதான் தேறும். மீதியை என்னிடம் கடனாகக் கேட்கிறார். எதற்கு என்று மறைக்கவில்லை.

என்னிடம் பணம் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். கொடுத்தால் நானும் குற்றவாளியா? சட்டத்தை மட்டும் கேட்கவில்லை.

நேர்வழி

இதில் கேட்க என்ன இருக்கிறது. காசு கொடுத்து இன்னொருவன் வயிற்றைக் கிழிக்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.

கணக்கன்

நேர்வழி, உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்க மாட்டேன், அது மலிவான வாதம். வேறு ஒன்று கேட்கிறேன். சுரங்கத்தில் இறங்குகிறவன் நுரையீரலை விற்கிறான். சாக்கடைக்குள் இறங்குகிறவன் உயிரையே பணயம் வைக்கிறான். அதற்கெல்லாம் கூலி என்று பெயர் வைத்துவிட்டோம். சிறுநீரகம் என்றால் மட்டும் எல்லோருக்கும் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. மாற்று அறுவையில் டாக்டருக்குச் சம்பளம், ஆஸ்பத்திரிக்குப் பில், மருந்து கம்பெனிக்கு லாபம், அத்தனை பேரும் சம்பாதிக்கிறார்கள், உறுப்பைக் கொடுக்கிறவன் மட்டும் புண்ணியத்துக்குக் கொடுக்க வேண்டுமாம்.

ஈரானில் 1988லிருந்து அரசே ஒழுங்குபடுத்திய கட்டண முறை இருக்கிறது. கொடுப்பவருக்கு அரசிடமிருந்து ஒரு தொகை, பெறுபவரிடமிருந்து ஒரு தொகை. வெளிநாட்டவர் வந்து ஈரானியரிடம் வாங்க முடியாது. 1999லேயே காத்திருப்போர் பட்டியல் தீர்ந்துவிட்டது என்று அங்குள்ள டாக்டர்கள் எழுதினார்கள், அதை மறுக்கிறவர்களும் உண்டு, சரி. ஆனால் தடை போட்டுவிட்டு அதற்குப் பதிலாக எதையும் கொடுக்காத நாடுகள்தான் புரோக்கர்களை வளர்க்கின்றன என்பது என் கட்சி. இவருடைய அண்ணன் குற்றவாளி என்றால் அவரை அங்கே தள்ளியவர்கள் யார்?

ஓய்வுபெற்ற ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். பல வருடம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவள். முதலில் நியாயத்தை விட்டுவிட்டு ஒரு நடைமுறைக் கேள்வி.

தம்பி, இரண்டு முறை கிராஸ் மேட்ச் தவறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குழந்தையின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள், அதாவது வேற்று உறுப்பை எதிர்க்கும் பொருள்கள், இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால் அப்படி ஆகும். அது இருந்தால் ரத்த வகை ஒன்றாக இருந்தாலும் பத்துப் பேரில் பல பேருடைய சிறுநீரகம் இவளுக்குச் சேராது. பட்டியல் வைத்திருக்கிற அமைப்பால் இரண்டு வருடத்தில் முடியாத பொருத்தத்தை, இவளுடைய ரத்த மாதிரியைக் கண்ணால் பார்க்காத ஒருவன் 3 வாரத்தில் எப்படிக் கண்டுபிடித்தான்? அவனிடம் இதைக் கேளுங்கள். ‘அதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்’ என்பான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு சிறுநீரகம் ஆயுள் முழுக்க வராது. உயிரோடு இருப்பவரிடமிருந்து வந்தால் பதினைந்து, இருபது வருடம் ஓடலாம், சிலருக்கு அதற்கு மேலும். 13 வயதுப் பிள்ளைக்கு இன்னொன்று, ஒருவேளை மூன்றாவது ஒன்றுகூடத் தேவைப்படும். சரியாகப் பொருந்தாத ஒன்றை அவசரத்தில் வைத்து உடம்பு அதை நிராகரித்தால் ஆன்டிபாடி இன்னும் ஏறும், அடுத்த கதவு இன்னும் இறுகும். புரோக்கருக்கு அந்த அடுத்த கதவைப் பற்றிக் கவலை இல்லை, அவன் கணக்கு டிஸ்சார்ஜ் அன்றைக்கே முடிந்தது. பணத்துக்கு வாங்கிய சிறுநீரகத்தோடு திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் சரியான டிஸ்சார்ஜ் குறிப்பு இருக்காது, என்ன மருந்து என்ன அளவில் கொடுத்தார்கள் என்பது தெரியாது, கொடுத்தவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருந்ததா என்றுகூடத் தெரியாது.

நியாயம் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பேரன் கூப்பிடுகிறான்.

சட்டப்புழு

சட்டத்தை மட்டும் சொல்கிறேன், எந்த நாடு என்று நீங்கள் சொல்லாததால் பொதுவாக.

உறுப்பு வணிகத்தைத் தடை செய்த நாடுகளில் பலவற்றில் விற்கிறவர், வாங்குகிறவர், தரகர் மூவருமே மாட்டுவார்கள். உதாரணத்துக்கு இந்தியாவின் 1994 சட்டம்: பணம் கொடுப்பது, வாங்குவது, பணத்துக்குக் கொடுக்க ஆள் தேடுவது, பேரம் பேசுவது எல்லாமே குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. எதற்கு என்று தெரிந்தே கடன் கொடுப்பவர் உடந்தை ஆவாரா என்பது வழக்கின் விவரங்களைப் பொறுத்தது, ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல முடியாது, இங்கேயே எழுதிவிட்டீர்கள்.

கொடுப்பவர் ஒப்புக்கொண்டாரே என்பதும் எடுபடாது. ஆள் கடத்தல் பற்றிய 2000ஆம் ஆண்டு ஐநா நெறிமுறை, உறுப்பை எடுப்பதையும் சுரண்டலில் சேர்க்கிறது. ஒருவரின் இக்கட்டான நிலையைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதம் அங்கே சம்மதமாகாது.

ஆனால் பெற்றோரையும் நோயாளியையும் எப்படி நடத்துவது என்பதில் உலகத்துக்கே தடுமாற்றம் இருக்கிறது. 2015ல் ஐரோப்பிய கவுன்சில் உறுப்புக் கடத்தலுக்கு எதிராக ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. தரகர், டாக்டர் எல்லோரையும் இறுக்கிப் பிடித்த அதே உடன்படிக்கை, கொடுத்தவரையும் பெற்றவரையும் தண்டிப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. எழுதியவர்களுக்கும் உங்களைப் போலவே தூக்கம் வந்திருக்காது போல.

வெறும் வாசகன்

அந்த நைஜீரிய செனட்டர் வழக்கு ஞாபகம் வருகிறது. யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா?

சட்டப்புழு

ஐகே எக்வெரெமாடு. நைஜீரிய செனட்டின் துணைத் தலைவராக இருந்தவர். மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு, வயது இருபதுகளில். லாகோஸ் தெருவில் வியாபாரம் செய்துகொண்டிருந்த 21 வயது இளைஞரை 2022ல் லண்டனுக்குக் கூட்டி வந்தார்கள். பெண்ணுக்கு உறவினர் என்று மருத்துவமனையில் சொல்ல வைத்தார்கள். அங்கிருந்த டாக்டருக்குச் சந்தேகம். பையனுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதே சரியாகப் புரியவில்லை என்று பட்டது, மறுத்துவிட்டார். சில வாரம் கழித்து அந்த இளைஞர் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டார்.

2023 மார்ச்சில் தீர்ப்பு. நவீன அடிமைத்தனச் சட்டத்தின் கீழ் உறுப்புக்காக ஆள் கொண்டுவந்த சதிக்கு பிரிட்டனில் கிடைத்த முதல் தண்டனை அது. அப்பாவுக்கு 9 வருடம் 8 மாதம், அம்மாவுக்கு 4 வருடம் 6 மாதம், இடையில் நின்று ஏற்பாடு செய்த வேறொரு டாக்டருக்கு 10 வருடம். மகளைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். ஆபரேஷன் நடக்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள், ஏற்பாடு செய்ததற்கே இவ்வளவு. நைஜீரியாவில் உறுப்பு வணிகத்துக்கு எதிரான சட்டம் வந்தபோது அதில் பங்கெடுத்தவரே இவர்தான் என்று அரசுத் தரப்பு சொன்னது.

கணக்கன்

அதாவது சட்டம் எழுதியவனே, தன் பிள்ளை என்று வந்ததும் அதைத் தாண்டிவிட்டான். நான் சொல்வதும் அதுதானே.

நேர்வழி

நீங்கள் சொல்வது வேறு. எனக்கு அதில் தெரிவது, லாகோஸ் தெருவில் நின்ற அந்தப் பையனுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார், அவரிடம் செனட் பதவி இல்லை, அவ்வளவுதான். பிள்ளைப் பாசம் என்று நாம் பேசும்போதெல்லாம் வாங்குகிறவன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். விற்கிறவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான்.

(முதல் பதிவில் கடுமையாக எழுதிவிட்டேன். அந்தக் குளியலறைக் கதவு விஷயத்தை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்.)

ஓய்வுபெற்ற ஒருங்கிணைப்பாளர்

பேரன் தூங்கிவிட்டான்.

கணக்கன் சாருக்குப் பதில். உங்கள் வாதம் காகிதத்தில் ரொம்ப அழகு. விற்றவர்களிடம் போய்க் கேட்ட ஆய்வு ஒன்று 2002ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் கேட்டார்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். கேட்ட நாளில் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் இன்னும் இருந்தது. விற்றதற்குப் பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, உடம்பை வைத்துச் செய்கிற வேலைதானே அவர்களுக்கு. இதே நிலைமையில் இருக்கும் இன்னொருவருக்கு விற்கச் சொல்லுவீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் மாட்டேன் என்றார்கள். சுரங்கத் தொழிலாளியோடு ஒப்பிட்டீர்கள். அவனுக்கு அடுத்த மாதமும் சம்பளம் உண்டு. இவன் ஒரே ஒரு முறை விற்கிறான், அதற்குப் பிறகு கூலிக்குப் போகும் உடம்பும் குறைந்துபோகிறது.

அப்புறம் கமிட்டி விஷயம். நெருங்கிய உறவில்லாதவர் கொடுக்க வந்தால், அனுமதி தருகிற கமிட்டி முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், நானும் ஓரமாக இருப்பேன். ஒரு நாள் ஓர் இளைஞன், நோயாளிச் சிறுவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று பேப்பர். போட்டோவெல்லாம் இருந்தது, விசேஷ வீட்டில் எல்லோரும் சேர்ந்து நிற்கிற மாதிரி. கமிட்டியில் இருந்த ஒரு வயதானவர் சாதாரணமாகக் கேட்டார், ‘வீட்டில் தம்பியை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?’ அவன் பையனின் முழுப் பெயரையும் சொன்னான். இனிஷியலோடு.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அன்றைக்கு அந்த அப்பாவின் மேல் கோபம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அந்த இளைஞன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து யாரோ ஒரு குழந்தையின் பெயரை இனிஷியலோடு மனப்பாடம் செய்திருக்கிறானே, அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்த நோயாளிச் சிறுவன் அடுத்த வருடம் இறந்துவிட்டான். இதையும் சொல்லிவிட வேண்டும், நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது.

கணக்கன்

அக்கா, அந்த ஆய்வு கள்ளச் சந்தையைப் பற்றியது. கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களை வைத்து மதுவைத் தடை செய் என்று சொல்வது போல இருக்கிறது. ஒழுங்கான விலை, ஆயுள் முழுக்க மருத்துவ வசதி கொடுத்தால் அதே முடிவு வருமா?

ஓய்வுபெற்ற ஒருங்கிணைப்பாளர்

நியாயமான கேள்வி. ஈரானிலும் கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்தான், விலையை ஒழுங்குபடுத்தியும் அந்தத் திசை மாறவில்லை என்பது மட்டும் என் பதில். எந்த நாட்டிலும் பணக்காரன் ஏழைக்குச் சிறுநீரகம் விற்று நான் கேள்விப்படவில்லை.

தடை போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இஸ்ரேல் 2008ல் செய்ததைப் பாருங்கள். அதுவரை வெளிநாட்டில் போய் மாற்று அறுவை செய்தால் காப்பீடு பணம் கொடுத்துக்கொண்டிருந்தது, உறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல். புதுச் சட்டம் அதை நிறுத்தியது, கூடவே உறுப்புக் கொடையாளர் அட்டையில் கையெழுத்துப் போட்டவருக்குத் தனக்குத் தேவைப்படும்போது முன்னுரிமை என்றது. வெளியே போகிறவர் எண்ணிக்கை விழுந்தது, உள்ளே கொடுக்கிறவர் எண்ணிக்கை கூடியது. ஸ்பெயின் 1989ல் தேசிய அமைப்பு ஏற்படுத்தி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பயிற்சி பெற்ற டாக்டர்களை இதற்கென்றே உட்கார வைத்தது. இறந்தவர்களிடமிருந்து உறுப்புப் பெறுவதில் உலகத்தில் முன்னணியில் இருப்பவர்கள் அவர்கள். யாருக்கும் விலை கொடுக்கவில்லை.

மறுபக்கத்து அம்மா

ஐந்து வருடமாக இந்தத் தளத்தில் படிக்கிறேன், எழுதியதில்லை. இதற்காகப் புதுக் கணக்கு தொடங்கினேன்.

நாங்கள் வாங்கினோம்.

என் மகனுக்கு அப்போது 11 வயது, இப்போது இருபது. கல்லூரிக்குப் போகிறான், ஏதோ ஒரு பாட்டை எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறான், என்னோடு சண்டை போடுகிறான். அவன் உயிரோடு இருக்கிறான். இதை எழுதிய பிறகுதான் மற்றதை எழுத எனக்கு உரிமை என்று நினைக்கிறேன்.

ஏஜென்ட் ரொம்ப மரியாதையான ஆள், அம்மா அம்மா என்றுதான் பேசுவார். கொடுப்பவர் யார், என்ன ஊர், எதற்கு விற்கிறார் என்று ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க வசதியாக எல்லாவற்றையும் அமைத்திருந்தார்கள். தனித் தளம், தனி லிஃப்ட், தனி நேரம். நாங்கள் கொடுத்த பணத்தில் பாதி, எங்களுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதற்கான கட்டணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் பார்த்துவிட்டேன். நான்காம் நாள் மருந்து வாங்கக் கீழே இறங்கினேன், லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் போனேன். ஒரு பெண் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். பெண் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை, ஏனோ ஆண் என்றே நினைத்திருந்தேன். இடது கையால் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தாள். வலது கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் மாத்திரை அட்டையும் ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பும். புதுச் செருப்பு, அட்டை கிழிக்காதது. பணம் வந்ததும் வாங்கியிருப்பாள். நகர்ந்து வழி விட்டாள். நான் நன்றி சொன்னேன், வழி விட்டதற்குச் சொல்கிற நன்றி. அவள் யார் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, வேறு நோயாளியாகவும் இருக்கலாம். ஒன்பது வருடமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுபடியும் செய்வாயா என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்கும் பிடிக்காது எனக்கும் பிடிக்காது. மகனுக்கு இப்போது கிரியேட்டினின் மெல்ல ஏறுகிறது, சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். அந்த அக்கா எழுதிய ‘அடுத்த கதவு’ முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளாக இவ்வளவு பேர் எழுதியும் யாரும் கேட்கவில்லை. உங்கள் ரத்த வகை என்ன?

வெறும் வாசகன்

…

கணக்கன்

நானும் இதைக் கேட்கத் தவறிவிட்டேன். கடன் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தூக்கம்கெட்டவன்

நேற்று பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை அழித்தேன்.

பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. எனக்கு அது தெரியும். அவள் பிறந்த அன்றே தெரியும், அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார், உன்னை மாதிரியே வந்திருக்கிறது என்று. இந்த இரண்டு வருடத்தில் அண்ணன் ஒரு முறைகூட என்னைக் கேட்டதில்லை. பணம் கேட்டார், அதுவும் தயங்கித் தயங்கி. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவியின் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நானாகவும் சொன்னதில்லை. டாக்டர் ‘குடும்பத்தில் வேறு யாராவது’ என்று ஒரு தடவை ஆரம்பித்தபோது நான் போன் வந்த மாதிரி வெளியே போயிருக்கிறேன். போன் வரவில்லை.

அம்மா, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை.

மறுபக்கத்து அம்மா

எங்கள் வீட்டிலும் அதே கதைதான் தம்பி. என் கணவருக்கு மூன்று தம்பிகள். ஒருவரையும் கேட்கவில்லை. அவர்கள் முகத்தில் பயம் வருவதைப் பார்க்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. அதற்குப் பதிலாக, முகமே தெரியாத ஒருத்தியைக் கேட்டோம், அவள் பயந்தாளா என்று நாங்கள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இதைச் சொல்வதால் நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேர்வழி

முதல் நாள் ‘இதில் கேட்க என்ன இருக்கிறது’ என்று எழுதினேன். நான் என் சொந்த அண்ணன் பிள்ளைக்குக் கொடுப்பேனா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

ஓய்வுபெற்ற ஒருங்கிணைப்பாளர்

தம்பி, நிதானமாகப் படியுங்கள்.

மறுப்பது உங்கள் உரிமை. சித்தப்பா என்பதற்காக யாரும் உங்கள் உடம்பைக் கேட்க முடியாது. ஏழையிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று சொல்கிற அதே வாயால் உறவுக்காரனைக் குற்ற உணர்ச்சியில் தள்ளி வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன், குடும்பத்துக்குள்ளும் வற்புறுத்தல் நடக்கும். மருமகள்களைத் தள்ளிவிட்டுக் கையெழுத்து வாங்குகிற குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொடுக்க வருகிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவோம். மனமில்லை என்று அங்கே சொன்னால் போதும், பொருந்தவில்லை என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லிவிடுவோம். காரணம் வெளியே போகாது. இந்த வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நிறையப் பேர் டெஸ்டுக்கே வருகிறார்கள்.

ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கொடுப்பவர் அறுவையில் இறப்பது பத்தாயிரத்துக்கு 3 என்று 2010ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. பிற்காலத்தில் கொடுத்தவருக்கே சிறுநீரகம் செயலிழப்பது, கொடுக்காத ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் அதிகம். 2014 ஆய்வில் ஆயுள் முழுக்கக் கணக்கிட்டு பத்தாயிரத்துக்கு 14 பேருக்கு வரக்கூடியது, கொடுத்தவர்களில் 90 பேருக்கு வரும் என்று மதிப்பிட்டார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, ஆனால் ஆறு மடங்கு. இரண்டும் உண்மை. உங்கள் மனைவியிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

ஒரே ரத்த வகை என்பதால் கிராஸ் மேட்ச் சேரும் என்று அர்த்தமில்லை, இவளுக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்றால் உங்களுக்கும் சேராமல் போகலாம். சேராவிட்டாலும் கதை முடியாது. ஜோடி மாற்று முறை இருக்கிறது: நீங்கள் இன்னொரு குடும்பத்து நோயாளிக்குக் கொடுப்பீர்கள், அந்தக் குடும்பத்தில் ஒருவர் பாப்பாவுக்குக் கொடுப்பார். ஆல்வின் ராத்துக்கு 2012ல் பொருளாதார நோபல் கிடைத்ததே, இந்த மாதிரிப் பொருத்தக் கணக்குகளுக்கும் சேர்த்துத்தான். கணக்கன் சாருக்குப் பிடிக்கும், விலையே இல்லாத சந்தை அது. ரத்த வகை சேராத உங்கள் அண்ணன்கூட அதில் சேரலாம். யாராவது அவரிடம் இதைச் சொன்னார்களா? ரத்த வகை சேராமலே ஆன்டிபாடிகளை நீக்கிவிட்டுச் செய்கிற முறையும் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. சித்தப்பாவை நெருங்கிய உறவாகச் சில சட்டங்கள் எடுத்துக்கொள்ளாது, அப்போது கமிட்டி அனுமதி வேண்டும். பயப்படாதீர்கள், உங்களுக்கு அவளுடைய செல்லப் பெயர் தெரியும்.

கணக்கன்

நோபல் குத்தல் எனக்குத்தான் என்று புரிகிறது அக்கா. ஏற்றுக்கொண்டேன், ஆனால் முழுக்க இல்லை. சித்தப்பாவே இல்லாத வீட்டுக்கு என்ன பதில்? பட்டியலும் நகரவில்லை, ஜோடியும் கிடைக்கவில்லை, பிள்ளை குழாயில் வாய் வைக்கிறது. அந்த வீட்டில் போன் அடித்தால்?

ஓய்வுபெற்ற ஒருங்கிணைப்பாளர்

அந்த வீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கமிட்டி அறையிலும் இருக்கவில்லை.

தூக்கம்கெட்டவன்

பத்து நாள் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கடன் கொடுக்க மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். படிக்கட்டில் இறங்கிய அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எனக்கு டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். அதற்குத்தான் கோபப்பட்டார். உன்னை யார் கேட்டது, உன் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கத்தினார். அண்ணி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

ஆனாலும் போனேன். தனி அறையில் ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார். இல்லை, எல்லோரும் வேண்டாம் என்றுதான் வற்புறுத்துகிறார்கள் என்றேன். எழுதிக்கொண்டார். இங்கே படித்ததால், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்தானே என்று கேட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை விலகலாம் என்றார். உண்மையைச் சொன்னால் அதைக் கேட்ட பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

ஒன்பது குழாய் ரத்தம் எடுத்தார்கள். கிராஸ் மேட்ச் முடிவு வியாழன் வரும். அண்ணன், அண்ணி பெயரை ஜோடி மாற்றுக்குப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டேன். அண்ணிக்கு முடியாது, அண்ணன் பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருடமாக யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. மனைவி நான்கு நாளாகப் பேசவில்லை, சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

அந்த ஏஜென்டுக்கு அண்ணன் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பர் அவர் போனில் அப்படியே இருக்கிறது, ‘பிளம்பர்’ என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழன் வரட்டும்.